சிகரெட்டை விட்டபின் வந்த நித்திரை

ஜூலை 14, திங்கள்
கச்சான் காற்று. ஸ்கூல் வேன் கண்ணாடி முழுக்க மண். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கழுவினேன். முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது.
சிகரெட்டை விட்டு நாற்பத்தொரு நாள். பார்மசித் தராசில் 86 கிலோ. விடும்போது 77. காற்சட்டைக் கொளுக்கி எட்டவில்லை, ஊசி குத்தியிருக்கிறேன். பகல் முழுக்கக் களைப்பு. புகைத்த இருபது வருடத்தில் இப்படி இருந்ததில்லை.
மனைவி ஜெஸீமா: "முகம் ஊதித்தான் போச்சு. ஆனா இருமல் இல்ல, அதப் பாருங்க."
பார்க்கிறேன். பிஸ்கட் பக்கெட் ஒன்று, பொழுதுபட்டு மஃரிபுக்குள் காலி.

ஜூலை 15, செவ்வாய்
எழுதக் கை வரவில்லை.
ஸ்கூல் விட்டுப் பிள்ளைகளோடு திரும்பும்போது, பாலாவி தாண்டி, கண் மூடிவிட்டது. எவ்வளவு நேரம், தெரியாது. "அங்கிள்! அங்கிள்!" எனக்குப் பின் சீட்டில் இருக்கும் ஹனா, ஆறாம் வகுப்பு. கண் திறந்தால் வேனின் இடப்பக்கச் சில்லு ரோட்டை விட்டு மண்ணில். நேரே தென்னை. ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பி நிறுத்தினேன். பதினொரு பிள்ளைகள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அல்ஹம்துலில்லாஹ்.
சின்னவர்கள் விளையாட்டு என்று சிரித்தார்கள். ஹனா சிரிக்கவில்லை.
"நித்திரையா அங்கிள்?"
"இல்ல மகள். கண்ணுல தூசி."
பொய்.
எல்லாரையும் இறக்கிவிட்டு, மதுரங்குளிச் சந்திக் கடையில் ஒரு சிகரெட் வாங்கினேன். புகைத்த காலத்தில் ஒருநாளும் ஸ்டியரிங்கில் நித்திரை போனதில்லை. வாயில் வைத்தேன். கடைக்காரர் லைட்டரை நீட்டினார். என்னைப் பெற்ற வாப்பா ஞாபகம். கடைசி மாதங்களில் படுக்க முடியாமல், சுவரில் சாய்ந்தபடி மூச்சுக்கு வாய் திறந்தது. அவரைக் கொண்டுபோனதும் சிகரெட்தான்.
உடைத்து எறிந்தேன்.

ஜூலை 16, புதன்
வேனை ஜெஸீமாவின் தம்பி ரிஸ்வான் ஓட்டினான். "பிள்ளைகள்ட வீடுகள்ல காய்ச்சல் எண்டு சொல்லவா மச்சான்?" "சொல்லு." இரண்டாவது பொய்.
டொக்டரிடம் போனோம். பிரஷர் கூடியிருக்கிறது. குறட்டையா என்று கேட்டார்.
ஜெஸீமா முந்தினாள்: "குறட்ட மட்டுமில்ல டொக்டர். இடைக்கிட மூச்சு நிக்கிது. நான்தான் தட்டி எழுப்புறேன்."
எனக்குத் தெரியாது.
எடை கூடி, தொண்டை அடைபட்டு, இரவு நித்திரை கெடுகிறதாம். அதுதான் பகலில் வருகிறதாம். சோதனை செய்து பார்க்கும்வரை ஓட்டக்கூடாது. "சிகரெட்ட மட்டும் திரும்பத் தொடாதீங்க. இதுக்கு வைத்தியம் இருக்கு."
பஸ்ஸில் ஜெஸீமாவிடம் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.
"சொன்னா, விட்டதாலதான் இப்பிடி எண்டு திரும்பச் சிகரெட் பத்துவீங்க. அந்தப் பயம்."
எத்தனை இரவு விழித்திருந்தாளோ. கேட்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி
ஜும்ஆ முடிந்து ஹனா வீட்டுக்கு. அவளுடைய வாப்பா வாசலில், அண்ணன் முறை வைத்துக் கேட்டார்: "காய்ச்சல் சுகமா நானா?"
காய்ச்சல் இல்லை, செவ்வாய்க்கிழமை ஓட்டும்போது நித்திரை போய்விட்டேன் என்றேன்.
அவர் படியிறங்கிக் கிட்ட வந்தார்.
"மகள் அண்டைக்கே சொன்னா. நீங்க வந்து சொல்றீங்களா எண்டு பாத்துக்கிட்டு இருந்தேன்." பிறகு: "இனி நானே கொண்டுபோய் விடுறேன்."
"ஓம். அது நியாயம்."
ஹனா கதவுக்குப் பின்னால் நின்றாள். ஸலாம் சொன்னேன். மெதுவாகப் பதில் சொன்னாள்.
பின்னேரம் அஸருக்குள் இதையே சொல்லி இன்னும் நான்கு வீடு. ஒருவர் ஏசினார். ஒரு பிள்ளையின் உம்மா அழுதுவிட்டார். நடந்தே போனதில் கால் இரண்டும் வீங்கிப் போயிற்று. மிச்சம் ஆறு வீடு.