பெரட்டுப் பாட்டைக் கட்டியவர்

சுனாமி வந்த மறுவருஷம், ஆடி மாதம், ஞாயிறு இரவு.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள்.

எங்கள் மாதா கோயில் ராக் பேண்டின் முதல் சீடி இன்று வெளியானது. அதில் 'கர்த்தர் பெரட்டுக்குப் பேர் கூப்பிடுவார்' பாட்டும் இருக்கிறது. விடியலில் தோட்ட வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில் அந்தக் காலத்தில் நாங்கள் பாடியது. அட்டையில் 'எழுதியவர் தெரியாது' என்று போட்டிருப்பதாக மகள் படித்துச் சொன்னாள்.

பாடகன் அந்தோனியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எல்லாரும் செத்துட்டாங்கன்னு நெனச்சோம் தாத்தா."

"அப்ப நான் யாரு, பேயா?"

சிரித்துவிட்டான். "அடுத்த தடவ அட்ட அடிக்கிறப்ப ஒங்க பேரப் போடுறோம்."

"எனக்கு வேணாம்ப்பா. நான் தப்பு மட்டுந்தான் அடிச்சேன். பாட்டு கட்டுனது மூணு பேரு. ரெண்டு பேரு போயிட்டாங்க. மிச்சம் இருக்கிற ஒருத்தருக்கு எண்பது தாண்டிருச்சு, சீக்கிரம் அடிங்க."

பேர் என்னவென்று கேட்டான். கஹவத்தையில் தன் மகன் வீட்டில் இருக்கிறாள், சவரியம்மா என்றேன்.