பேர் எழுதாத படங்கள்

2025 மார்ச் 4, செவ்வாய்

ஏலக்காரர்கள் வந்துவிட்டுப் போனார்கள். மாடி அறை முழுக்க என் வீட்டுக்காரருடைய பழைய கேமராக்கள், நூற்றுப் பத்து. முப்பத்தைந்து வருஷம் நான் தூசி தட்டியவை. ஒன்றைக்கூட என் முகத்துக்கு நேரே அவர் பிடித்ததில்லை. "ஞானம், ஈரக் கையோட தொடாத" — அந்த அறையில் என்னோடு அவர் பேசிய பேச்சு அவ்வளவுதான். அவர் போய் எட்டு மாசம் ஆகிறது. இன்றைக்கும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். வெட்கக்கேடு.

பட்டியல் எழுத வந்த ஜெய்சன், கேமராக்களைவிட ஊர் ஊராகச் சேர்த்த பழைய படங்களைப் பார்த்துத்தான் வாயைப் பிளந்தார். "எல்லாத்துக்கும் பின்னால ஊரு, வருசம் எழுதியிருக்காங்கம்மா. இப்படி வச்சவங்க ரொம்பக் கம்மி."

ஆமாம். ஊர் எழுதினார், வருஷம் எழுதினார். பேர் எழுதவில்லை. எழுதினால் திருப்பிக் கொடுக்க வேண்டி வருமே!

மார்ச் 11

ஏலப் புத்தகம் தபாலில் வந்தது. அட்டையில் பேச்சியம்மாள்.

கல்யாணக் கோலத்தில், நாற்காலி நுனியில், விழப்போகிறவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். கீழே 'மணப்பெண், சேரன்மகாதேவி, 1958'.

அந்தப் படத்தை வாங்கினபோது அவர் வாய்க்கால் தண்ணீருக்கு அதிகாரி. 1996. ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். ஆசையாகக் கூட்டிப் போகிறார் என்று பூரித்துப் போனேன், மடச்சி. ஆம்பிளை கேட்டால் பெண்கள் படம் வைத்த டிரங்குப் பெட்டியைத் திறக்க மாட்டார்கள். அதற்குத்தான் நான். பேச்சியம்மாள் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். "ஆயுசுக்கும் எடுத்தது இந்த ஒண்ணுதாம்மா." அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "நகல் எடுத்துட்டு ஒரு வாரத்துல நானே கொண்டாந்து தாரேன்." கொடுத்துவிட்டாள். நடவு நேரம். தண்ணீர் திறக்கிறவர் பெண்டாட்டி கேட்டால் அவள் வேறென்ன செய்வாள்?

அடுத்த வாரம் அவரிடம் கேட்டேன். அதற்கடுத்த வாரமும் கேட்டேன். "பாப்போம்" என்றார். பிறகு நானும் கேட்கவில்லை.

மார்ச் 13

ஜெய்சனுக்குப் போன் போட்டேன். அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா?

"அட்டைப் படத்தையாம்மா?" என்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "வேற ஒருத்தருக்குச் சொந்தம்னு எழுதிக் குடுத்தீங்கன்னா எடுத்துரலாம். ஆனா மத்த படமெல்லாம் யாருதுன்னு கேள்வி வரும். படம் மொத்தத்தையும் நிறுத்த வேண்டியிருக்கும்."

மார்ச் 14

பெங்களூரிலிருக்கும் மகன் குமரவேலிடம் போனில் சொன்னேன்; கத்து கத்தென்று கத்தினான். பெற்ற தாய் என்றும் பார்க்கவில்லை. "அப்பாவத் திருடன்னு நீயே எழுதிக் குடுக்கப் போறியா? செத்தவர இழுத்துத் தெருவுல விடுத! நாலு பேரு முன்னால எம் மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க?"

"நானும் சேர்ந்துதாம்லே திருடுனேன்" என்றேன்.

போனை வைத்துவிட்டான்.

மார்ச் 15

ஜெய்சனுக்கு இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் இருந்தபோதும் பயம், போன பிறகும் பயம். சீ, என்ன பிறவி நான்!

மார்ச் 17

எழுதி அனுப்பிவிட்டேன். மூன்றே வரி. 'இந்தப் படங்களை நாங்கள் விலைக்கு வாங்கவில்லை. திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிவந்தோம். தரவில்லை.' 'என் கணவர்' என்று முதலில் எழுதி, அடித்துவிட்டு 'நாங்கள்' என்று போட்டேன்.

மார்ச் 29

கேமராக்கள் மட்டும் ஏலம் போயின. படங்கள் மூன்று பெட்டிகளில் திரும்பி வந்துவிட்டன. குமரவேல் இன்னும் பேசவில்லை. மாடி அறை காலி. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். எரிச்சல்தான் வருகிறது. இத்தனை வருஷம் இதை ஏன் செய்யவில்லை? யார் என் கையைப் பிடித்தது?

ஏப்ரல் 2

சேரன்மகாதேவி போய் வந்தேன். நாலு பேரைக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தது மகள் சுடலைவடிவு. பேச்சியம்மாள் செத்து மூன்று வருஷமாம்.

சுவரில் மாலைக்குள் ஒரு முகம். கலங்கலாக, கண் பாதி மூடி, யாரென்றே தெரியாமல். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "மாலை போட ஒரு படம் இல்ல. ஆதார் கார்டப் பெருசு பண்ணி மாட்டுனோம்."

பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, "நீங்கதானா அந்தம்மா?" என்றாள்.

ஆமாம் என்றேன். ஏசுவாள் என்று காத்திருந்தேன்.

"சாவுத வரைக்கும் ஒங்களப் பத்தித்தான் பேச்சு. 'அந்தம்மா நல்ல மாதிரி, சொன்னபடி கொண்டாந்து தரும்'னு. நாங்க போய்க் கேக்கட்டான்னா எங்களத்தான் ஏசுவா."

பஸ்ஸில் உட்கார இடமிருந்தது. பாளையங்கோட்டை வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.