டம்ளருக்குப் பின்னால் தெரிந்த எழுத்து

பூந்தமல்லி,
மார்ச் 1992

அன்புள்ள மனைவி ஞானசௌந்தரிக்கு,

கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? இது என் கையெழுத்து; வழக்கமாக எழுதித் தரும் என் அறைத் தோழன் டேவிட் எழுதியதல்ல.

இங்கே ஆலயத் திருவிருந்துக்கு ஒயின் வடிகட்டுகிறோம். கொதிக்க வைத்த துணியில் ஊற்றினால் அது தானாகச் சொட்ட வேண்டும்; பிழிந்தால் மண்டி இறங்கிக் கலங்கிவிடும். நேற்று, நான் எழுதப் படிக்கக் கற்கும் இரவுப் பள்ளிக்கு நேரமாகிவிட்டதே என்று நான் துணியைப் பிழிந்துவிட்டேன்.

காலையில் மேஸ்திரி பிரகாசம் ஒயினைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, பின்னால் காலண்டர் தாளைப் பிடித்தார். எழுத்துத் தெரிந்தால்தான் புட்டியில் அடைப்பார்கள்.

"படிச்சிக் காட்டு நைனா."

தெரிகிறது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். மனம் வரவில்லை.

"படிக்க முடியல."

"ஒயின் கலங்கிகீதா, இல்ல உனுக்குப் படிப்பு வர்லியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் டம்ளரை நகர்த்திவிட்டு, "வியாழக்கிழமை" என்று வாசித்தேன். சிரிப்பு நின்றது. பிழிந்ததையும் சொன்னேன்.

திட்டிவிட்டு, "திரும்ப வடிகட்டு. இனிமே டம்ளர் பாக்கறது நீதான்" என்றார்.

ஊரிலிருந்து வருகிறவர்களிடம் கொஞ்சம் பனங்கற்கண்டு கொடுத்தனுப்பு. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. பதிலைப் பெரிய எழுத்தாக எழுது. இனி உன் கடிதத்தை டேவிட் வாசிக்க மாட்டான். எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

உன்
அருளப்பன்