சட்டம் இல்லாத மூன்று நாட்களும் என் மகனின் தகப்பன் பெயரும்

அனுப்புநர்:
தற்காலிகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காவலில் உள்ள லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி,
சலவைக்கூடத் தொழிலாளி,
நான்காம் மாடி, அச்சகத் தெரு.

பெறுநர்:
மாண்புமிகு அவைத்தலைவர் அவர்கள்,
நாடாளுமன்றம்.

பொருள்: மேற்படிச் சட்டம் காலாவதியாகிக் கிடந்த நாட்களில் நடந்தவை குற்றமாகா என்று, வரும் நீட்டிப்பு மசோதாவில் ஒரு வரி சேர்க்கக் கோருவது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படிச் சட்டம் ஓராண்டுக்கு மட்டும் என்று சொல்லித்தான் தங்கள் அவையில் நிறைவேறியது. அப்போது எனக்குத் திருமணம்கூட ஆகவில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இந்த விருந்தாளியோ வருடா வருடம் பெட்டியைக் கட்டுவதுபோல் கட்டி, மறுபடி அவிழ்த்து வைத்துக்கொள்கிறது. நீட்டிப்பு மசோதாவின் மேல் யாரும் பேசி நான் வானொலியில் கேட்டதில்லை. ஆதரிப்போர் 'ஆம்' என்பார்கள், முடிந்துவிடும். தவறாகச் சொல்லியிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. என் கணவர் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதுபார்த்தார். அதன் ஐந்தாம் மாடியில் யாரோ துண்டுப் பிரசுரம் அச்சடித்தார்களாம். ஐந்தாம் மாடிக்கு லிஃப்ட் போகும்படி செய்தவர் என்று இவரையும் அழைத்துப் போனார்கள். குற்றச்சாட்டோ விசாரணையோ கிடையாது. இந்தச் சட்டத்துக்கு அவை தேவையில்லை. சட்டம் தற்காலிகமானது, ஆகவே காவலும் தற்காலிகம்தான் என்று அதிகாரிகள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

3. சென்ற ஆண்டு நீட்டிப்புக்குரிய கடைசி நாள், நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாளாக அமைந்துவிட்டது. உறுப்பினர் விடுதியின் படுக்கை விரிப்புகள் எங்கள் சலவைக்கூடத்துக்குத்தான் வரும். அந்த வாரம் பாதி விரிப்புகள் மடிப்புக் கலையாமலே வந்தன. எல்லாரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள் என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம். போதிய உறுப்பினர்கள் இல்லாததால் தாங்கள் அவையை ஒத்திவைத்தீர்கள். சட்டம் காலாவதியானது. சிறைக் கண்காணிப்பாளர் விதியை எழுத்துக்கு எழுத்துப் பார்ப்பவர். சட்டமில்லாமல் ஒருவரையும் வைத்திருக்கக்கூடாது என்று மறுநாள் காலையில் கதவைத் திறந்துவிட்டார்.

4. கதவு தட்டும் ஓசை கேட்டு, பக்கத்து வீட்டு அக்கா என்று நினைத்துத் திறந்தேன். என் கணவர் வாசலிலேயே நின்று, "உள்ள வரலாமா?" என்றார். தன் வீட்டுக்குள் வர அனுமதி கேட்டார் ஐயா. அடுத்த நாள் எங்கள் கட்டடத்தின் லிஃப்டைச் சரிசெய்தார். அவருக்குக் கை சும்மா இருக்காது. இன்றைக்கும் அது ஓடுகிறது. ஓட வைத்தது யார் என்று மாடிக்கு மாடி தெரியும். கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

5. மூன்றாம் நாள் அவசரமாகக் கூடிய அவை சட்டத்தை நீட்டித்தது. இடையில் விட்டுப்போன நாட்களிலும் அது அமலில் இருந்ததாகவே கருதப்படும் என்றும் சேர்த்துக்கொண்டது. சாப்பிட்டுக்கொண்டே செய்தியைக் கேட்ட என் கணவர், தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். எங்காவது போய்விடலாம் என்று நான் அழுதேன். "எங்க போறது? நேத்தைக்கும் சேர்த்துச் சட்டம் போடுறவங்க நாளைக்கு விட்ருவாங்களா?" என்றார். தாமாகவே நடந்து போய்ச் சிறை வாசலில் நின்றார். கண்காணிப்பாளருக்கு அப்போதுதான் உயிர் வந்ததாம். "நீ வெளியவே போகலப்பா, சீக்கிரம் உள்ள வா" என்று இழுத்துக்கொண்டாராம். ஆகவே பதிவேட்டின்படி என் கணவர் ஒரு நாளும் சிறையை விட்டு வெளியே வரவில்லை.

6. அதிலிருந்து பத்தாம் மாதம் எனக்கு மகன் பிறந்தான். பிறப்புப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர் அம்மா, "உங்க வீட்டுக்காரர் அப்ப உள்ளதானேம்மா இருந்தாரு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவர் இரக்கப்பட்டார். தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். என் நாத்தனார் இன்றுவரை குழந்தையைப் பார்க்க வரவில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தாராம்.

7. வக்கீலிடம் போனேன். என் கணவர் வீட்டில் இருந்தார் என்று நிரூபித்தால் தகப்பன் பெயர் கிடைக்கும். ஆனால் அவர் சட்டப்படியான காவலிலிருந்து தப்பியவர் ஆவார். சோறு போட்ட நான் அடைக்கலம் கொடுத்தவள் ஆவேன். நிரூபிக்காவிட்டால் என் மகன் தகப்பன் இல்லாதவன். இருதலைக் கொள்ளி எறும்பாக நிற்கிறேன்.

8. அந்த மூன்று நாட்கள் சட்டம் இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். தாங்கள் ஒத்திவைத்ததற்கு அவைக்குறிப்பே உள்ளது. அன்று அவைக்கு வராதவர்கள் மேல் வழக்கில்லை. வீட்டுக்கு வந்தவர் மேல் மட்டும் வழக்கு எப்படி நியாயமாகும்? அந்நாட்களில் நடந்தது எதுவும் குற்றமாகாது என்று ஒரே ஒரு வரி சேர்க்கும்படி தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

9. அது இயலாது என்றால், அடுத்து என்ன செய்வது என்று சிறையின் நேர்காணல் அறையில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று என் கணவரிடம் கேட்டேன். குழந்தையைப் பார்த்தார். பிறகு, "ஓடிப்போனவன்னே எழுதிக்கட்டும். பையனுக்கு அப்பன் பேரு விழுந்தா போதும்" என்றார்.

ஆகவே, வரி சேர்க்க மறுக்கப்படுமானால், இந்த மனுவையே எங்கள் ஒப்புதல் வாக்குமூலமாக ஏற்று, இருவர் மேலும் வழக்குத் தொடருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் மறுக்கமாட்டோம். தீர்ப்பின் நகல் ஒன்றை மட்டும் பிறப்புப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள். அவர் வீட்டுக்கு வந்தார் என்று அதிலாவது எழுதியிருக்கும்.

நாள்: நீட்டிப்பு வாக்கெடுப்புக்கு மூன்று வாரம் முன்பு
இடம்: நாடாளுமன்ற மனுப்பிரிவு, வெளிவரிசை

மேற்கண்டவை உண்மை எனக் கையொப்பமிடும்,
(கையொப்பம்)
லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி, அவர் மகனின் தாய்