தீவுகளும் பதின்மூன்றாம் தேதியும்

22-10-92, வியாழன்
விடாத மழை. ஈரத்துணி எல்லாம் அறைக்குள், நானும் அதோடு. இத்தாவில் உட்கார்ந்து மூன்றரை மாதம். இவர், என் வீட்டுக்காரர், மௌத்தானது ஜூலை 3. புருஷன் இறந்தால் பெண்டாட்டி நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது, அதுதான் இத்தா. கொழுந்தன் சிக்கந்தர் மில் காலண்டரில் நவ. 13ஐச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறான்.

எம்.ஏ. புவியியல் கடைசி பேப்பர் நவ. 9, ஸ்ரீவில்லிபுத்தூரில். அரை மணி நேர பஸ். பதிவுக்காலம் இத்தோடு சரி, இனி எழுத விடமாட்டார்கள். பாஸானால் டீச்சர் வேலை. இல்லாவிட்டால் இந்த வீடுதான்.

சிக்கந்தர், திரைக்கு அந்தப் பக்கம் நின்று: "நாலு நாள்ல என்ன மதினி, படிப்பு எங்கயும் ஓடிராது."
ஓடித்தான் போகும், மடையா.

23, வெள்ளி
கடைக்குச் சொல்லிவிட வேண்டியது: சீயக்காய், மண்ணெண்ணெய், நீல இங்க்.

படித்தது (எதற்கோ): கடலடித் தட்டு இன்னொரு தட்டுக்குக் கீழே நுழைகிறது. நுழையும் இடம் பூட்டிக்கொள்ளும். மேல்தட்டின் விளிம்பையும் சேர்த்து இழுக்கும். அங்குள்ள தீவு வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அமிழும். ஒருநாள் பூட்டு விடும், பூமி அதிரும். விளிம்புத் தீவு சட்டென்று எழும்பும், பவளம் வெயிலில் காயும். பின்னால் தள்ளி உள்ள தீவு இறங்கும், தென்னந்தோப்புக்குள் உப்புத்தண்ணீர்.

பூட்டிக் கிடப்பதைப் பற்றி என்னைக் கேட்கலாம்.

மாமியார் எட்டிப் பார்த்து: "செத்த நேரம் கண்ண மூடுட்டி. இருட்டுல என்னத்தப் படிக்கே?"

25, ஞாயிறு
தீபாவளி. அடுத்த வீட்டில் வெடி. தலைவலி.

தீவு எவ்வளவு எழும்பியது என்று பவளத்தை வைத்து அளக்க, கடல் மிகத் தாழும் மட்டம் தெரிய வேண்டுமாம். அது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும். இன்று அமாவாசை. அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். இவர் போனது முஹர்ரம் முதல் பிறையில். இத்தாவைப் பிறை வைத்துத்தானே எண்ண வேண்டும்? மில் காலண்டரின் இங்கிலீஷ் தேதியை வைத்து எண்ணியிருக்கிறோம், நானும் சேர்ந்து.

மூன்று தடவை எண்ணினேன். நாளை மறுநாள் பிறை தெரிந்தால் நாலு மாதம் முடியும்; மேலே பத்து நாள், நவ. 7ல் வெளியே.

28, புதன்
நேற்றுப் பிறை கண்டாயிற்று. மாமியிடம் கணக்கைச் சொன்னேன். முகம் மாறவில்லை.
"தெரியும்ட்டி. அவன் வட்டம் போட்டப்பவே தெரியும்."
"பொறவு ஏன் மாமி சொல்லல?"
"நீ வெளிய கெளம்பிட்டா எம்மவன் செத்தது முடிஞ்சு போயிரும்ல. ஆறு நாளு கூட இருக்கட்டும்னு இருந்துட்டேன்."
கோபம். அழுகையும்.

நவ. 7, சனி
முடிந்தது. குளித்தேன். சாயங்காலம் மாமி, ஒரே ஒரு தடவை: "பதிமூணு வரைக்கும் இரேன்ட்டி. எனக்காக."
பேனாவில் இங்க் நிரப்பினேன்.

நவ. 9, திங்கள்
காலை 6.30. தூறல். ஹால் டிக்கெட், பேனா 2, குடை. ஏழு மணி பஸ்.
மாமி வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்திருக்கிறார். போகாதே என்று சொல்லவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. தாண்டித்தான் போக வேண்டும்.