தொழில்: இல்லை

நகக்கண்ணில் மண் போகாத என் அம்மாவுக்கு,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. உனக்கு வாசிக்கத் தெரியாது என்பது காரணமில்லை. எழுத உட்கார்ந்தால் முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அதனால்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். போன செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உன் மரக்கறிக் கொல்லையில் தம்பி குமார் போட்ட லீக்ஸ் இந்த முறை நன்றாக வந்தது. நீ அடுக்கிய கல் வரம்புகளில் ஒன்றுகூட மழைக்குச் சரியவில்லை. நீ நட்ட பேரிக்காய் மரம் இத்தனை வருடம் கழித்துக் காய்த்திருக்கிறது. காய் கல் மாதிரி, பல்லே இறங்கவில்லை. நீ இருந்திருந்தால் மரத்தோடு சண்டைக்குப் போயிருப்பாய்.

கெட்ட செய்தி இதுதான். அந்தக் கொல்லை நம் கையை விட்டுப் போகப் போகிறது. அதற்குக் காரணம் உன் மகள். படித்த மகள், டீச்சர் மகள், நான்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலை என்றால் ஒன்றே ஒன்றுதான். காலையில் பெரட்டில் போய் நின்று பேர் கொடுத்து, கங்காணி காட்டுகிற மலையில் கொழுந்து எடுப்பது. தோட்டத்துப் பதிவில் பேர் இருந்தால் வேலை செய்கிற ஆள். பேரை வெட்டிக்கொண்டால் சும்மா இருக்கிற ஆள். நடுவில் வேறொன்றும் கிடையாது.

நான் உயர்தரம் படிக்கக் கொட்டகலைக்குப் போயே தீருவேன் என்று அடம்பிடித்த வருடம் நீ பேரை வெட்டிக்கொண்டு அந்தக் கொல்லையைப் போட்டாய். நாம் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே, தேயிலைக்கு உதவாது என்று துரைமார் கைவிட்ட சரிவு அது. மானாப்புல்லும் பாறையும் அட்டையும் தவிர அங்கே ஒன்றுமில்லை. அப்பாவே சிரித்தார். "பொம்பளைக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு, கல்லுல கரட் போடப் போறாளாம்" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நீ பெரட்டுக்கு ஆட்கள் இறங்குவதற்கு முன்பே மண் கிண்டுகிற இரும்பு முள்ளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாய்.

முதல் பெரிய மழையில் மேல்மண் முழுவதும் அடித்துக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். நீ கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கி, போன மண்ணைத் திரும்ப அள்ளிக்கொண்டு மேலே ஏறினாய். நான் பள்ளிக்கூட உடுப்போடு படியில் நின்று பார்த்தேன். உதவிக்கு வரவில்லை. சப்பாத்து அழுக்காகிவிடும் என்று நின்றேன், அம்மா.

இருபத்தேழு வருடம். கரட், முட்டைக்கோவா, போஞ்சி, உருளைக்கிழங்கு. என் படிப்பு, தம்பியின் ஆப்பரேஷன், அப்பாவின் கடைசிக் காலத்து மருந்து, என் கல்யாணம், எல்லாம் அந்தச் சரிவிலிருந்துதான் வந்தன. அப்போதும் பள்ளிக்கூடத்தில் யாராவது "அம்மா என்ன செய்றாங்க?" என்று கேட்டால், "சும்மா வீட்டுல இருக்காங்க" என்பேன்.

எங்கள் பேச்சு வழக்கு அப்படி என்று சாக்குச் சொல்லலாம். அது பாதி உண்மைதான். நான் டீச்சர் ஆன பிறகும் அதையே சொன்னேன். மண் கொத்துகிறாள் என்று சொல்வதைவிட, வீட்டில் இருக்கிறாள் என்று சொல்வது கௌரவமாக இருந்தது. மற்றப் பாதி உண்மை அது.

போன வருடம் கிழங்கு கிண்டிக்கொண்டிருந்த இடத்திலேயே நீ சரிந்தாய். தம்பி ஓடிப்போய்த் தூக்கியபோதும் முள்ளை விடவில்லையாம். தோட்டத்தில் ஆள் செத்தால் சவப்பெட்டி கொடுப்பார்கள். உனக்குக் கிடைக்கவில்லை. "பேரு இல்லாத ஆளுக்குக் குடுக்க ஏலாதுங்க டீச்சர். சட்டம் அப்பிடி" என்றார் கணக்கப்பிள்ளை. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் மறுநாள் மரணத்தைப் பதியப் போனேன்.

பதிவாளர் சிங்களவர், நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். உன் பேர், வயது, அப்பாவின் பேர் எல்லாம் கேட்டு எழுதினார். பிறகு "ரஸ்ஸாவ?" என்றார், தொழில் என்ன என்று. நான் யோசிக்கவே இல்லை. "நே மாத்தையா" என்றேன். இல்லை ஐயா. அவரும் அப்படியே எழுதினார். முந்தின நாள் கணக்கப்பிள்ளை உன் பேர் இல்லை என்றார். மறுநாள் உன் தொழில் இல்லை என்று நான் சொன்னேன். அவர்மேல் மட்டும் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

அந்தக் கடதாசியை மடித்து அலுமாரியில் வைத்தேன். உன்னைப் புதைத்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

இப்போது தோட்டத்துக் காணிகளை அளக்கிறார்கள். தரிசு நிலத்தை நெடுநாள் பயிர் செய்த குடும்பங்களுக்கு எழுதிக் கொடுப்பார்களாம். தம்பி மனுப் போட்டான். லயத்தை விட்டு இறங்கி அங்கே ஒரு வீடு கட்டிவிடலாம் என்று அவனுக்கு ஆசை. எந்த ஜன்னல் எந்தப் பக்கம் என்பதுவரை பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். உன் மரணச் சான்றிதழைப் பார்த்தார். தொழில் இல்லை என்று இருக்கிறதே, பிறகு யார் பயிர் செய்தது என்று கேட்டார். தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். நான் மேசையில் கிடந்த சான்றிதழைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வகுப்பில் நாள் முழுக்கப் பேசுகிறவள், அம்மா.

சாட்சி இருக்கிறதா என்றார்கள். லயத்தில் நம் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற காமாட்சி அத்தை தானாகவே முன்னால் வந்தது. உனக்காகப் பேச வேண்டும் என்று நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தது. "அவங்க என்ன வேலை செஞ்சாங்க?" என்று கேட்டார் அதிகாரியோடு வந்த எழுத்தர்.

"அது வேலைக்கெல்லாம் போகலைங்க சார். பேர வெட்டிக்கிட்டு சும்மாதான் இருந்துச்சு" என்றது அத்தை. "பாவம், விடிஞ்சதுலேருந்து பொழுது சாயிற வரைக்கும் கொல்லையிலதான் கெடக்கும்."

எழுத்தர் முதல் பாதியைச் சிங்களத்தில் சொன்னார். மீதியைச் சொல்வதற்குள் அதிகாரி பேனாவை மூடிவிட்டார். அத்தை வெளியே வந்து, "நல்லா சொன்னேனா புள்ள?" என்று என் கையைப் பிடித்துக் கேட்டது. "நல்லா சொன்னீங்க அத்த" என்றேன்.

தம்பி அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது மெதுவாக, "அத்தைய சொல்லி என்ன அக்கா, நீங்களும் அதத்தானே சொன்னீங்க" என்றான். அதற்குப் பிறகு அவன் எனக்குப் போன் எடுக்கவில்லை.

அந்தச் சரிவில் வெளியூர் ஆட்கள் வந்து தங்க மரக் குடில்கள் கட்டப்போவதாகப் பேச்சு. அங்கிருந்து பார்த்தால் அருவி நன்றாகத் தெரிகிறதாம். உனக்கு அது தெரியுமா? நிமிர்ந்து பார்க்க உனக்கு எங்கே நேரம் இருந்தது?

தம்பியின் மனுவைத் தள்ளிவிட்டார்கள். மறுப்பு இருந்தால் மாத முடிவுக்குள் கொடுக்கலாம். அதற்கு முன் சான்றிதழைத் திருத்த வேண்டும். பிழையான தகவல் கொடுத்தது நான்தான் என்று சத்தியக் கடதாசியில் கையெழுத்துப் போட வேண்டும். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள் இப்படி எழுதிக் கொடுத்தால் பின்னால் வில்லங்கம் வரும் என்று பள்ளிக்கூடத்தில் பயம் காட்டுகிறார்கள். இரண்டு நாள் பயந்தும் இருந்தேன். உன்னிடம் மறைக்க முடியாது.

உன் மரக்கறி வாங்கிய கொட்டகலைக் கடைக்கார நானாவிடம் நேற்றுப் போனேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார், சந்தோஷச் சிரிப்பில்லை. "ஒங்கட அம்மா சும்மா இருந்தாங்களா? அவங்கட கோவா வந்தா நான் வேற மூட்டைய பிரிக்கவே மாட்டன், டீச்சர். எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்லுறன்" என்றார். உன் பிள்ளை சொல்லியிருக்க வேண்டியதைக் கடைக்காரர் சொன்னார். வெட்கம் கெட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். நானாவும் வருகிறார். காமாட்சி அத்தையையும் கூட்டிக்கொண்டு போகிறேன், இந்த முறை அது இரண்டாம் பாதியைச் சொல்லி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன். தம்பிக்கு அந்தக் காணி கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. அவன் என்னோடு பேசுவானா என்றும் தெரியாது. ஆனால் உன் பேருக்கு நேரே விவசாயி என்று எழுதிக் கொடுக்கும்வரை அந்தப் பதிவாளர் கந்தோர் படியை விட்டு நான் இறங்க மாட்டேன். எத்தனை வெள்ளிக்கிழமை ஆனாலும் சரி.

இப்படிக்கு,
நீ வேலை செய்து படிக்க வைத்த
உன் மூத்த மகள் தனலெட்சுமி