மரகதத்தின் கடைசி வாரம்

அப்பா,

போன் உறையிலிருந்து இன்னும் சொல்யூஷன் வாசனை வருகிறது. பட்டறையில் பைகளை ஒட்டுகிற அந்தப் பசையின் வாசனை. மிச்சம் விழுந்த தோல் துண்டில் நீங்களே தைத்த உறை. போன் இப்போது அண்ணனுடையது. அவன் பரணில் தூங்குகிறான். அம்மா என் பக்கத்தில் படுத்திருக்கிறாள். போன் வெளிச்சத்தில், அறிவியல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அம்மா பார்த்தால் அழுவாள். அண்ணன் பார்த்தால் போனைப் பூட்டிவிடுவான். அம்மா புரளும்போதெல்லாம் என் கை நின்றுவிடுகிறது. ஆனாலும் இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியாது. மரகதத்துக்கு என்ன ஆனதென்று கண்டுபிடித்துவிட்டேன்.

சின்ன வயதில் மரகதத்தை நம் சொந்தக்காரி என்றே நினைத்திருந்தேன். அவ்வளவு பேசுவீர்கள், நீங்களும் டீக்கடை மாமாவும். கல்யாணத்துக்கு முன்னால் தாராவியில் இருவரும் ஒரே அறையில் இருந்த காலத்தில், ஊரிலிருந்து ரயிலில் வரும் வார இதழைச் சேர்ந்து வாங்குவீர்களாம். மாமாவுக்குப் படிக்கத் தெரியாது. நீங்கள் உரக்கப் படிக்க அவர் கேட்பார். அதில் ஒரு தொடர்கதை. பிடிக்காத கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மரகதம் வீட்டை விட்டு வெளியேறுகிறாள். வழியில் ஒரு கிணறு. அதன் சுவரில் கை வைத்து நிற்கிறாள். கீழே, 'அடுத்த வாரம் முடியும்.'

அந்த அடுத்த வாரம்தான் பம்பாய் மழையில் மாட்டிக்கொண்டது. தண்டவாளம் முழுகி, பல நாள் கழித்து வந்த இதழ்க் கட்டு கூழாகக் கிடந்ததாம். அதற்குப் பிறகு வந்த இதழில் வேறு தொடர்.

"கெணத்துல விழுந்திருப்பா வே. பொட்டப்புள்ள ராத்திரி வீட்ட விட்டு வந்தா, கதை எழுதுதவன் கொன்னுதான முடிப்பான்?" என்பார் மாமா.

"விழமாட்டா. ரயிலேறிட்டா. முப்பது வாரம் அவளப் படிச்சிருக்கேன், எனக்குத் தெரியும்" என்பீர்கள்.

எட்டாம் வகுப்புக் கட்டுரைக்காகத் தேடியபோதுதான் அந்த மின்னூலகம் எனக்குக் கிடைத்தது. பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, யாரும் காசில்லாமல் படிக்கும்படி போட்டிருந்தார்கள். உங்களிடம் காட்டினேன். "யம்மா, நம்ம புஸ்தகம் இதுல இருக்குமா?" என்று கேட்டீர்கள். இருந்தது! அந்த அட்டையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள்.

'மரகதம்' என்று போட்டுத் தேடினால் நகைக்கடைகள்தான் வந்தன. பக்கங்கள் எல்லாம் படங்கள் என்பதால் உள்ளே இருக்கிற எழுத்து தேடலுக்குத் தெரியாது என்று நான் உங்களுக்கு விளக்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மழை மாதத்து இதழ்களைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினோம். பல்பொடி விளம்பரத்தைப் பார்த்து, "இதத் தேச்சுத்தான் உங்க மாமாவுக்குப் பல்லு போச்சு" என்று சிரித்தீர்கள். ஆனால் அந்த மாதத்தில் மரகதம் இல்லை. "அப்ப நான் வருசத்தத் தப்பா சொல்லிட்டேன்" என்றீர்கள். அடுத்த வருடம், அதற்கும் அடுத்த வருடம் என்று மழை மாதங்களை மட்டும் தேடினோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் "கெடச்சுதா?" என்று கேட்டீர்கள். இல்லை என்று தலையசைத்தேன். அதுதான் நான் உங்களுக்குச் சொன்ன கடைசிப் பதில்.

போன வாரம் மாமா கடைக்குப் பாவ் ரொட்டி வாங்கப் போனேன். ஊரிலிருந்து அவருக்கு அல்வா பார்சல் வந்திருந்தது. தாமதம் என்று யாரோ குறைப்பட்டார்கள்.

"இப்பவாவது நாலு நாள்ல வருது" என்றார் மாமா. "அந்தக் காலத்துல பொங்கல் மலரே, கரும்புச் சக்கையக் கூட்டித் தள்ளுன பெறவுதான் இங்க வரும்."

பாவ் பொட்டலத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். நமக்கு இது ஏன் தோன்றவில்லை, அப்பா? மழையில் நனைந்த இதழ் மழைக்கு முன்பே அச்சானது. நாம் அது பம்பாய்க்கு வந்த மாதத்தில் தேடிக்கொண்டிருந்தோம். அது முந்தின மாதத்தில் இருந்தது. நீங்கள் சொன்ன வருடம் சரிதான்.

ஞாயிறு மதியம் அண்ணன் கிரிக்கெட் ஆடப் போயிருந்தான். சார்ஜில் கிடந்த போனை எடுத்து, முந்தின மாதத்தைத் திறந்தேன். கடைசி இதழில் கிணற்றின் படம்! அடுத்த பக்கத்தைத் தள்ள விரல் வரவில்லை. மாமா சொன்னதே நடந்திருந்தால்? உங்கள் மரகதத்தை நானே போய்ப் பிணமாகக் கண்டுபிடித்த மாதிரி ஆகிவிடுமே.

"யார்கிட்டட்டி சாட் பண்ற? சச் போல், நெசத்தச் சொல்லு!"

பின்னால் அண்ணன். போனைப் பிடுங்கிப் பார்த்தான். கிணற்றுப் படத்துக்குக் கீழே பல்பொடி விளம்பரம். அவனுக்குத் தமிழ் படிக்க வராது.

"யே க்யா ஹை?"

"மரகதம் கதை. கடைசி வாரம்."

மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். "படி" என்றான்.

படித்தேன். மரகதம் ஒரு கல்லை எடுத்துக் கிணற்றுக்குள் போடுகிறாள். அது தண்ணீரில் விழும் சத்தத்துக்காகக் காத்திருக்கிறாள். கேட்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரயிலடிக்கு நடக்கிறாள். சீட்டு கொடுப்பவர், "கூட யாரம்மா?" என்கிறார். "ஒரு சீட்டு போதும்" என்கிறாள். முற்றும்.

"அப்பா ஜீத் கயா! ஜெயிச்சிட்டாரு!" என்று அண்ணன் குதித்ததில் மேலே தகரம் அதிர்ந்தது.

அப்படியே மாமா கடைக்கு ஓடினோம். அங்கே, அத்தனை பேர் நடுவில், நின்றுகொண்டே வாசித்தேன். பால் பொங்கி வழிவதை மாமா பார்க்கவே இல்லை.

"ஏறிட்டாளா? நெசமாவா? இன்னொருவாட்டி வாசிட்டி."

மறுபடி வாசித்தேன். அவர் கடைக்கு வெளியே வந்து, பட்டறைப் பக்கம் பார்த்து, நீங்கள் அங்கே வேலையில் இருக்கிற மாதிரியே கத்தினார்: "வே! நீரு ஜெயிச்சிட்டீரு வே!" பிறகு என்னிடம் மெதுவாக, "அவ பொழைக்கணும்னுதான்ட்டி எனக்கும் ஆசை. ஒங்கப்பன வம்புக்கு இழுக்கத்தான் கெணறு கெணறுன்னேன்" என்றார்.

இரண்டு நாளாக எனக்கு ஓய்வில்லை. தையல்காரர் பாதியில் விட்ட ஒரு துப்பறியும் கதையைத் தேடச் சொல்கிறார். எதிர்வீட்டு அக்கா குரோஷே பின்னல் படங்கள் கேட்கிறாள். ஞாயிறு மட்டும் போன் தருவதாக அண்ணன் சத்தியம் செய்திருக்கிறான். இன்று செவ்வாய். அதனால்தான் இந்தப் பயம்.

சாயங்காலம் அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "அவ எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்தா?"

"கதையில போடலம்மா."

"பம்பாய்க்குத்தான் இருக்கும்" என்றாள், பார்த்துவிட்டு வந்தவள் போல.

அது சரியா என்று நான் எங்கேயும் தேடப் போவதில்லை, அப்பா. எனக்குத் தெரியும்.